லென்ஸில் படிந்த ஆவி

பிரகாசியைச் சந்தியாகு கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் வாய் திறந்திருந்தது. பேசுவதற்காகத் திறந்த வாய் அல்ல அது. வாசல் தெளித்த ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து கேமராவை எடுத்து மடியில் வைத்து, மூடியைக் கழற்றி, லென்ஸுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய், பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி அதையே பார்த்தபடி 'ஹா' என்று ஊதினாள். கலியாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் செய்கிற வேலை அது. ஊதக் கூடாது, எச்சில் படும், எச்சில் பட்டால் பூசணம் பிடிக்கும் என்று அவரும் அந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தார். "ஆமா, என் எச்சி பட்டா உங்க பொட்டிக்கு ஆகாதாக்கும்" என்பாள். சொல்லிக்கொண்டே ஊதுவாள், ஊதிவிட்டு முந்தானையின் நைந்து மெத்தென்று ஆன நுனியை விரலில் சுற்றி வட்டம் வட்டமாகத் துடைப்பாள், துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "ம், இப்ப எடுங்க ஊரெல்லாம்" என்று கையில் கொடுப்பாள்.

அன்று அவள் ஊதி முடித்த நேரத்தில் தெருமுனையில் பஸ் வந்து ஹாரன் அடித்தது. புளிச்சங்குடி கோயிலில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். பூசை முடிவதற்குள் அவர் அங்கே போய் நின்றாக வேண்டும். துடைக்க வந்த கையிலிருந்து கேமராவைப் பிடுங்காத குறையாக வாங்கி, மூடியை அழுத்திப் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு ஓடினார். பஸ் படியில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தபோது அவள் வாசலுக்கு வந்திருந்தாள். முந்தானை நுனி விரலில் சுற்றினபடி இருந்தது. வாய் இன்னும் மூடவில்லை, சிரிக்கிறாளா திட்டுகிறாளா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை. மத்தியானம் அவர் திரும்பியபோது வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்து கிடந்தன. உலையில் அரிசியைப் போட்டவள் அப்படியே சுவரோரம் சாய்ந்துவிட்டாள் என்றார்கள். எந்த நேரத்தில் ஆவி பிரிந்தது என்று கேட்டவர்களுக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. சோறு குழைந்திருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, செய்வதற்கு வேறு எதுவும் இல்லாமல், அவர் புதுநன்மைச் சுருளை இருட்டறைக்குள் கொண்டுபோய்க் கழுவினார். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கவுனும் போட்டு மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள், பனிக்குள் நிற்கிறவர்கள் போல இருந்தார்கள். அவர் ஊரான சருகுவயல் பக்கம் பனி என்று ஒன்று கிடையாது. ஆற்றில் மணல் மட்டும் ஓடுகிற சீமை அது. மார்கழியில்கூட விடிந்ததும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் ஆட்கள் வேலைக்குப் போவார்கள். பனியைப் பார்த்திராத ஊரில் எடுத்த படத்தில் பனி எப்படி வந்தது என்று அவர் யோசித்தார். யோசித்தது நல்லதாகப் போயிற்று, அந்த நாள்களை எதையாவது யோசித்துத்தான் அவர் கடக்க வேண்டியிருந்தது.

படம் மங்கினால் பழுதைத் தேடுவதற்கு ஒரு வழி உண்டு. அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, இத்தனை வருசமாகக் கெட்டுப்போன படங்கள் சொல்லித் தந்தவைதான். முதலில் பிலிமைச் சந்தேகப்பட வேண்டும். புதுச் சுருள் போட்டு எடுத்தார், மங்கல். அப்புறம் வெயில் லென்ஸில் நேராக விழுந்திருக்கலாம். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, கையை நெற்றிக்குப் பிடிக்கிறது போல லென்ஸுக்கு மேலே பிடித்து எடுத்தார், மங்கல். மருந்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினார், அப்போதும் மங்கல். மிச்சம் இருந்தது அச்சடிக்கிற கருவி. பழைய நெகட்டிவ் ஒன்றை அதில் போட்டு அச்சடித்துப் பார்த்தார். பிரகாசி உள்ளங்கையில் கோழிக்குஞ்சை வைத்துக்கொண்டு நிற்கிற படம். தண்ணீருக்குள்ளிருந்து மேலே வருகிறவள் போல மருந்துத் தட்டிலிருந்து அவள் வந்தாள். கறுப்பு கறுப்பாக இருந்தது, வெள்ளை வெள்ளையாக இருந்தது, குஞ்சின் அலகுகூடத் தெரிந்தது. எல்லாமே இருந்தது, அவள் மூச்சுவிடவில்லை என்பதைத் தவிர. அதைக் கொடியில் மாட்டிக் காயப் போட்டுவிட்டு, பழுது கேமராவில்தான் என்று முடிவுக்கு வந்தார்.

கேமராவின் முதுகைத் திறந்து, ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தார். பூசணம் என்றால் ஓரத்திலிருந்து சிலந்திவலை மாதிரி கிளம்பி வரும். தூசி என்றால் புள்ளி புள்ளியாக நிற்கும். எண்ணெய் கசிந்திருந்தால் ஈயம் பூசினது போல ஒரு மெழுக்கு தெரியும். இது அந்த எதுவும் இல்லை. நடுவில் அடர்ந்து, ஓரத்துக்குப் போகப் போகத் தேய்ந்து, கண்ணாடியில் ஊதினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு வெள்ளை வட்டம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் சுருங்கியது, அப்புறம் கொஞ்சம் விரிந்தது, மறுபடியும் சுருங்கியது.

மங்கின படங்களைக் கொடுத்தனுப்பிவிட்டு, புளிச்சங்குடிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். முதலில் வந்தவள் சகாயமேரி, புதுநன்மை வாங்கின பிள்ளை ஒன்றின் தாய். படத்தைக் காகிதத்தில் சுற்றிப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி கொண்டுவந்திருந்தாள்.

"அண்ணே, இதத் தொடைக்க என்ன துணி நல்லது?"

"எதத் தொடைக்க?"

"படத்தத்தான். என் சேல நைலக்ஸு, கீறுது. அம்மாவோட நூல் சேலயில தொடச்சா நல்லா வெலகுது. அதான் கேட்டுட்டுப் போவமேன்னு."

காகிதத்தைப் பிரித்து மேசையில் வைத்தாள். வெள்ளை மூட்டத்துக்குள் பிள்ளை நிற்பது மட்டும் தெரிந்தது. சகாயமேரி முந்தானையை விரலில் சுற்றி மெதுவாகத் துடைத்தாள். மூட்டம் ஒதுங்கியது. பிள்ளையின் முகம், முன்பல் விழுந்த சிரிப்பு, மெழுகுவத்தியின் சுடர் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. ஒரு ஆள் மூச்சை இழுத்து விடுகிற நேரம் அப்படியே இருந்தது. அப்புறம் காகிதத்துக்கு உள்ளேயிருந்தே மூட்டம் எழும்பி வந்து, அவசரமில்லாமல் பிள்ளையை மூடிக்கொண்டது.

"நூல் துணியே இருக்கட்டும்" என்றார் சந்தியாகு.

கேமராவை மஞ்சள் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனார். அங்கே ஒரு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து கேமரா பழுது பார்க்கிற காதர் மைதீன் அவருக்குப் பழைய சிநேகிதர். காதர் மைதீன் ரப்பர் வளையத்தை வைத்து லென்ஸின் முகப்பைத் திருகிக் கழற்றினார். கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஸ்பிரிட்டால் துடைத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். எல்லாம் சுத்தம். திரும்பப் பூட்டி வைத்துவிட்டு டீ சொன்னார். இருவரும் டீயைக் குடித்து முடிப்பதற்குள் வெள்ளை வட்டம் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. மறுபடியும் கழற்றினார், துடைத்தார், பூட்டினார். மறுபடியும் வந்தது.

"எவ்வளவு நாளா இப்படிண்ணே?"

"வீட்ல போனதுலேருந்து."

காதர் மைதீன் கண்ணில் இடுக்கியிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் கீழே வைத்தார். "இது வெளியிலேர்ந்து வரல. உள்ளயும் பழுது ஒண்ணுமில்ல. ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல எங்கனயோ ஆவி நிக்குது."

"எடுக்க முடியாதா?"

"எடுத்தேனே, நீங்களும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க. பழகின வீடு மாதிரி திரும்பத் திரும்ப வருது." லென்ஸை மறுபடி சாய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "கடைசியா யார் ஊதினது?"

"அவதான்."

"அப்ப நான் கை வைக்க மாட்டேன்" என்று சொல்லி, கேமராவைத் தன் துண்டால் துடைத்து, அவரே பைக்குள் வைத்துக் கொடுத்தார்.

சருகுவயலில் பஸ் விட்டு இறங்கியதும் எதிரே முனியாண்டியின் டீக்கடை. பாய்லரில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. முனியாண்டி, பிரகாசி கையால் கஞ்சி வாங்கிக் குடித்து வளர்ந்தவன். "மதுரக்காரரு என்னண்ணே சொன்னாரு?" என்று கேட்டான்.

"உள்ள ஆவி நிக்குதாம்" என்றார் சந்தியாகு.

ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதியில் நின்றது. "யாரு, அக்காவா?"

மெக்கானிக் சொன்னது அந்த ஆவி இல்லையடா, இதோ உன் பாய்லர் மூடியில் எழும்புகிறதே இந்த ஆவி என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் எந்தக் கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொல்கிறவர். இட்லிச் சட்டியில் எழுவதும் ஆவி, சாகும்போது பிரிவதும் ஆவி, புளியமரத்தில் இருப்பதாகச் சொல்வதும் ஆவி, கோயிலில் பிதாவுக்கும் சுதனுக்கும் பிறகு வருவதும் ஆவி. இதில் தன் லென்ஸில் இருப்பது எது என்று அவர் பாய்லரைப் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் இருந்தவர்கள் டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். ஒருவன் தெற்குத் தெருவுக்கும் ஒருவன் பள்ளிவாசல் தெருவுக்கும் போனான். யோசித்து முடித்து அவர் வாயைத் திறந்தபோது அவருக்கே பதில் தெரிந்திருந்தது. "ஆமா" என்றார்.

பயந்து ஒதுங்குவார்கள் என்று பார்த்தால் ஊர் அப்படிச் செய்யவில்லை. பிரகாசியை அவர்களுக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோது யாரையும் பயமுறுத்தாதவள், செத்துப்போய் எதற்காகப் பயமுறுத்தப் போகிறாள் என்று பெண்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் படத்தைத் துடைக்கும்போது அவளுக்குச் சொல்லிவிட்டுத் துடைக்க வேண்டுமா என்பதுதான். சொல்லாமல் ஒருத்தியைத் தள்ளுவது மரியாதையில்லை என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து யார் வீட்டில் படத்தைத் துடைத்தாலும், "பிரகாசியக்கா, கொஞ்சம் வழி விடு" என்று சொல்லித்தான் துடைத்தார்கள். சின்னவர்கள் அத்தை என்றார்கள், கொழுந்தன் முறையானவர்கள் மதினி என்றார்கள், பள்ளிவாசல் தெருவில் லாத்தா என்றார்கள். முறை வைத்துச் சொன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுங்கி நிற்கிறாள் என்று ஊர் நம்பியது. எல்லா வீட்டிலும் படத்துக்குப் பக்கத்து ஆணியில் ஒரு நூல் துணி தொங்கியது.

கலியாணத்துக்கு நாள் குறித்தவர்கள் மண்டபத்துக்குச் சொல்வதற்கு முன்பே சந்தியாகுவிடம் சொன்னார்கள். பனிக்குள் நிற்பது போல் படம் வருவதால், ஊட்டிக்குப் போய் எடுத்தது என்று மாப்பிள்ளைகள் அசலூர்க்காரர்களிடம் பீற்றிக்கொண்டார்கள். புருசனோடு சண்டை போட்ட பெண்கள் நாள்கணக்கில் கலியாணப் படத்தைத் துடைக்காமல் விட்டார்கள். சண்டை தீர்ந்ததா இல்லையா என்பதை விருந்தாளிகள் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். பரீட்சைக்கு அனுப்பிய படங்களில் பிள்ளைகளின் முகம் தெரியவில்லை என்று மேலிடத்திலிருந்து திரும்பி வந்தபோது, தலைமையாசிரியர் ஒவ்வொன்றின் கீழும் 'துடைத்துப் பார்க்கவும்' என்று எழுதித் திரும்ப அனுப்பினார். அதற்குப் பிறகு அந்த அலுவலகத்து மேசையிலும் ஒரு துணியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பதாகப் போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

பங்குச் சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் இதைப் பற்றிப் பேசினார். "கெட்ட ஆவியான்னு என்னைக் கேக்கிறீங்க. கெட்டது எதுவும், கொஞ்சம் தள்ளுன்னு சொன்னதும் தள்ளாது. தூய ஆவியான்னும் கேக்கிறீங்க. அதைச் சொல்ற அளவுக்கு நான் படிக்கல. துடைக்கும்போது ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லிக்கிட்டா நட்டமில்ல" என்று சொல்லிவிட்டுக் காணிக்கைப் பாட்டுக்குக் கையைக் காட்டினார்.

சந்தியாகுவுக்குக் கை ஓயாத வேலை. ஆள்களை நிறுத்தி, நாடியைத் தூக்கி, தோளைத் திருப்பி, "மூச்சப் பிடிங்க" என்பார், படம் விழுந்ததும் "விடுங்க" என்பார். அவர் தொழிலில் பேசுகிற பேச்சே அவ்வளவுதான். 'ஊரையே மூச்சு முட்ட வைக்கிற மனுசன்' என்று பிரகாசி உள்ளேயிருந்து சொல்வாள். இப்போது சொல்ல ஆளில்லை. ஆனால் அந்தி சாய்ந்து கடை வாசலை அடைத்ததும், மூடியைத் திறந்து கேமராவை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, அந்த வட்டம் விரிவதையும் சுருங்குவதையும் பார்ப்பார். அது விரியும்போது விட்டு, சுருங்கும்போது இழுத்து, அதனோடு சேர்ந்து அவரும் மூச்சுவிடுவார். அப்படிக் கொஞ்ச நேரம் இருந்தால்தான் சாப்பாடு இறங்கியது.

தை மாதத்துக் கலியாணப் படங்களை அச்சடித்தபோதுதான் அவர் அதைக் கவனித்தார். மூட்டம் மெலிந்திருந்தது. புதுநன்மைப் படங்களில் துடைத்த உடனே வந்து மூடியது, இதில் துடைத்து வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்து வரும்வரை முகம் தெரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். லென்ஸை நிறைத்திருந்த வட்டம் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒவ்வொரு படமும் கொஞ்சம் கொஞ்சமாக அவளை எடுத்துக்கொண்டு போயிருந்தது. யார் வீட்டுச் சுவரிலோ, யாருடைய நாடிக்கும் நெற்றிக்கும் நடுவிலோ, அவள் பங்கு பங்காகப் போய்விட்டிருந்தாள். ஒருத்தி ஒரு தடவை ஊதின மூச்சு எவ்வளவு நாளைக்கு வரும்.

மறுபடியும் மதுரைக்குப் போனார். "இத இப்படியே நிறுத்தி வைக்க வழி இருக்கா?" என்று கேட்டார்.

காதர் மைதீன் மூடியைப் போட்டுக் கேமராவை அவர் பக்கமே நகர்த்தினார். "பழுத எடுக்கத்தாண்ணே எனக்குத் தெரியும். பழுதக் காப்பாத்துறதுக்கு நான் எங்க போய்ப் படிப்பேன்" என்றார். "மூடியத் திறக்காம வைங்க. அவ்வளவுதான் எனக்குத் தோணுது."

சந்தியாகு இன்னொரு கேமரா வாங்கினார். பழையதை மூடி போட்டு, பிரகாசியின் சேலை ஒன்றில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினார். ஊர் கேட்டபோது பழுதாகிவிட்டது என்று சொன்னார். அவர் பொய் சொல்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது, ஆனாலும் யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. புதுக் கேமராவில் எடுத்த படங்களில் எல்லாரும் தெளிவாக இருந்தார்கள். மொட்டை அடித்தது மாதிரி இருக்கிறது என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். சிலர் பழக்கத்தில் அதையும் துடைத்தார்கள், "அக்கா, கொஞ்சம்" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அவரும் அந்தியில் மூடியைத் திறப்பதை விட்டுவிட்டார். பார்த்தால் தீர்ந்துபோகும். ஆகவே பார்க்காமல், சேலைச் சுற்றைக்கூடப் பிரிக்காமல், அலமாரிக் கதவில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். உள்ளே இருக்கிறாள் என்பது அவருக்குப் போதுமாக இருந்தது, அல்லது போதும் என்று சொல்லிக்கொண்டார்.

வெயில் ஏறின ஒரு காலையில் சூசையம்மாள் வந்து வாசலில் நின்றாள். நாலு வீடு தள்ளி இருக்கிறவள். அவள் மகன் ஆரோக்கியசாமி வடக்கே லாரி ஓட்டுகிறான். மருமகள் விண்ணரசியை முந்தின நாள் பேறுகாலத்துக்கு ஆசுபத்திரியில் சேர்த்திருந்தது ஊருக்குத் தெரியும்.

"பொட்டிய எடுத்துக்கிட்டு வாங்க கொழுந்தனாரே. புள்ள மூச்சில்லாமப் பெறந்துருச்சு. அவன் வந்து சேர நாளைக்கு ஆகும், இந்த வெயில்ல வச்சிருக்க முடியாது. மகன் மொகத்த அவனுக்கு ஒரு தடவ காட்டணும்ல."

புதுக் கேமராவை எடுத்துக்கொண்டு போனார். ஆசுபத்திரியிலிருந்து கொண்டுவந்து உள்ளறையில், ஜன்னலுக்குக் கீழே, பாயில் விண்ணரசியைப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் பூத்துவாலையில் சுற்றிய குழந்தை. தலைமுடி நிறைய இருந்தது. உதடு மட்டும் நாவல்பழம் தின்றது போல் கறுத்திருந்தது. அவர் குனிந்து கேமராவைச் சரிபண்ணியபோது விண்ணரசி தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"எந்தப் பொட்டி மாமா அது?"

"புதுசும்மா. நல்லா விழும்."

"அது வேணாம்."

"பழையது பழுதாகிக் கெடக்கும்மா."

"தெரியும் மாமா. ஊருக்கே தெரியும்." அவள் குரல் சன்னமாக இருந்தது. "சாமி வந்தாரு. ஒரு மூச்சு விட்டிருந்தாலும் ஞானஸ்நானம் குடுத்திருப்பேன்னாரு. அவரு மேல குத்தமில்ல, அவரும் அழுதுக்கிட்டுத்தான் போனாரு. ஞானஸ்நானம் வாங்காததால கல்லறைச் சுவத்துக்கு வெளிய குழி வெட்டுறாக. இவன் மூச்சே விடல மாமா. உங்க பொட்டியில மூச்சு இருக்குல்ல."

சூசையம்மாள் "ஏத்தா, சும்மா இரு" என்றாள். விண்ணரசி அவளைப் பார்க்கவில்லை.

"கொஞ்சந்தாம்மா இருக்கு" என்றார் சந்தியாகு. அதை அவர் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

"இவனும் கொஞ்சந்தான மாமா இருக்கான்."

அவர் எழுந்து வெளியே வந்தார். தெருவில் நிழல் இல்லை. வீட்டுக்குள் போய் அலமாரியைத் திறந்து, சேலைச் சுற்றோடு கேமராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். கொடுத்தால் போய்விடும். கொடுக்காவிட்டால் இருக்கும். தான் சாகும்வரை இந்தச் சுற்றுக்குள்ளேயே, திறக்காமல், பார்க்காமல், இருக்கும். சேலையைப் பிரிக்கப் பிரிக்க அதன் நுனி அவர் கைக்கு வந்தது. நைந்து மெத்தென்று ஆன நுனி. அதை விரலில் சுற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பஸ் ஹாரன் அடித்த அந்தக் காலையில் இப்படித்தான் அவள் விரலில் சுற்றியிருந்தது. அவள் ஊதியது அவர் பத்திரப்படுத்தி வைப்பதற்காக அல்ல. துடைப்பதற்காக ஊதினாள். ஊரெல்லாம் தெளிவாக விழ வேண்டும் என்று ஊதினாள். துடைக்கத்தான் நேரமில்லாமல் போயிற்று.

பழைய கேமராவோடு அவர் உள்ளறைக்குத் திரும்பி வந்தார். குழந்தையின் தலைக்குக் கீழே துவாலையைக் கொஞ்சம் உயர்த்தி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். அறைக்குள் வெளிச்சம் போதாது. ஷட்டரை விரலால் அழுத்தித் திறந்தபடி பிடித்திருந்தால்தான் படம் விழும். அப்படிப் பிடித்தால் குழந்தைகள் அசைந்து படம் கலங்கிவிடும், அதனால் பிள்ளைகளை அறைக்குள் வைத்து அவர் எடுப்பதே இல்லை. அவர் எடுத்த பிள்ளைகளிலேயே அசையாமல் இருந்த ஒரே பிள்ளை இவன்தான். மூடியைக் கழற்றினார். லென்ஸை அவர் பார்க்கவில்லை. வழக்கத்தில் வாய் தானாகத் திறந்து, "மூச்சப்" என்றது. மேலே சொல்ல முடியாமல் நின்றது.

அவர் சொல்லாததை விண்ணரசி செய்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சூசையம்மாளும், வாசல்படியில் நின்ற பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். அவர் விரல் ஷட்டரை அழுத்தித் திறந்தது. திறந்தபடியே பிடித்திருந்தது. எல்லார் நெஞ்சும் நிறைந்து வலிக்கிறவரை பிடித்திருந்தது. அவர் கைக்குள் கேமரா ஒரு தடவை லேசாகச் சில்லிட்டது. அப்புறம் அவர் லென்ஸுக்குப் பக்கத்தில் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி, "விடு" என்றார். விரலை எடுத்தார்.

குழந்தையைச் சுவருக்கு வெளியேதான் புதைத்தார்கள். பங்குச் சாமியார் அங்கி போடாமல், சாதாரண வேட்டி சட்டையில், குழி மூடும்வரை கூட நின்றார்.

மறுநாள் ஆரோக்கியசாமி லாரியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தபோது படம் காய்ந்திருந்தது. சந்தியாகு அதை அவன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். தெளிவான படம். துவாலையின் பூப்போட்ட கரை, தலைமுடி, மூடின கண், ஜன்னல் வெளிச்சம் விழுந்த கன்னம். மூட்டம் என்று எங்கேயும் இல்லை, குழந்தையின் வாயருகே தவிர. அங்கே மட்டும், கறுத்த உதட்டுக்கு முன்னால், ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளையாக ஏதோ எழும்பியது, கலைந்தது, மறுபடி எழும்பியது. யாரும் துடைக்கவில்லை. யாரும் வழி விடச் சொல்லவில்லை. ஆரோக்கியசாமி அதைப் பார்த்தபடி நின்றான். "தூங்குறான்" என்றான். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். விண்ணரசி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உன்ன மாதிரியே வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குறான்" என்று அவள் சொன்ன பிறகுதான் அவன் அழுதான்.

அந்த வருசம் முடிவதற்குள் மற்ற வீட்டுப் படங்களில் இருந்த மூட்டம் ஒவ்வொன்றாக வற்றியது. புதுநன்மைப் பிள்ளைகளும் மாப்பிள்ளைகளும் பெண்களும் துடைக்காமலேயே தெரிந்தார்கள். படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிய துணிகளைக் கொஞ்ச நாள் அப்படியே விட்டிருந்தார்கள், அப்புறம் அடுப்படிக்கு எடுத்துப் போனார்கள். விண்ணரசிக்கு அதன் பிறகு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் போகும்போது சுவரைப் பார்த்து "வர்றோம்டா தம்பி" என்பார்கள். அவர்களை விட மூத்தவன் என்றாலும், படத்தில் இருக்கிற அளவை வைத்து அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள்.

சந்தியாகு பழைய கேமராவைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார். மதுரைக்குப் போன ஒரு நாளில் காதர் மைதீனிடம் கொடுத்தார். அவர் முதுகைத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

லென்ஸில் பழுது எதுவும் இல்லை.